தொப்பி உட்காரும் தலை

சின்னார் சோதனைச் சாவடியில் அந்த ரெக்ஸின் பையைத் திறந்ததும் வனக்காவலர் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை உரோமத் தொப்பி. தூக்கிப் பார்த்தார். தொப்பிக்குள் மனிதத் தலை அளவுக்கு ஒரு மரக்கட்டை. மறையூர்ப் பக்கமிருந்து இறங்கும் வண்டியில் கட்டை என்று எது இருந்தாலும் சும்மா விடமாட்டார்கள். கேரளத்தில் சந்தன மரம் காடாகவே மிஞ்சியிருப்பது மறையூரில்தான். காவலர் கட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சந்தனம் மணக்கவில்லை. பல வருட வேர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து எது மணக்குமோ அதுதான் மணந்திருக்க வேண்டும்; முகத்தைச் சுளித்தார்.

"இதெந்தா சேட்டா?"

"தொப்பி உட்கார்ற தலைங்க" என்றார் பைக்குச் சொந்தக்காரர்.

அவருக்கு வயது 68. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு சிற்றூரில் தையல் கடை. பகலெல்லாம் பள்ளிச் சீருடையும் ஜாக்கெட்டும் தைப்பவர், திருவிழாக் காலத்து இரவுகளில் எம்.ஜி.ஆர். ஆகிவிடுவார். 1988 ஜனவரி 17-ம் தேதி, எம்.ஜி.ஆர். மறைந்தபின் வந்த முதல் பிறந்த நாளில், ஊர் மேடையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏறினார். அப்போது வயது 31. அன்று முதல் ஊரில் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் அவர் 'வாத்தியார்'தான்.

பாலக்காட்டுத் தமிழ் ஊர்களில் மேடை குறையும் மாதங்களில் மூணாறு எஸ்டேட்டுகளிலிருந்து அழைப்பு வரும். இரண்டும் கேரளம்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு போக அவர் கேரளத்துக்குள் போவதில்லை. திருச்சூர், அங்கமாலி, அடிமாலி என்று சுற்ற வேண்டும். கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாரில் மறுபடி கேரளத்துக்குள் நுழைவார். நடுவில் ஆனைமலை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிக வரிச் சாவடிகள் போய்விட்டன. வனத்துறையும் போலீசும் கலால்காரர்களும் பையைத் திறப்பது மட்டும் நின்றபாடில்லை. திறக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கட்டையின் கதைக்கு முன் தொப்பியின் கதை. 1969-ல் வெளியான 'அடிமைப் பெண்' படப்பிடிப்புக்காக ஜெய்ப்பூர் போனபோதுதான் எம்.ஜி.ஆருக்கு உரோமத் தொப்பி மீது பிரியம் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முடி கொட்டிய தலையை மறைக்கத்தான் என்று எதிரிகள் சொன்னார்கள். ஆதரவாளர்களும் அதை மறுக்க மெனக்கெடவில்லை. காரணம் எதுவானால் என்ன, தொப்பி நிலைத்துவிட்டது. 1977-லிருந்து அவர் முதல்வராக இருந்த பத்து ஆண்டுகளில் தொப்பி இல்லாத எம்.ஜி.ஆரைத் தமிழ்நாடு பார்க்கவில்லை என்றே சொல்லலாம். 1987 டிசம்பர் 24-ல் இறந்து ராஜாஜி மண்டபத்தில் கிடத்தியிருந்தபோதும் தொப்பியும் கண்ணாடியும் அவரை விட்டுப் பிரியவில்லை.

அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்த தலைக்குப் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தாலும், தந்தை கோபால மேனன் வழிக் குடும்பம் கொழிஞ்சாம்பாறைக்கு அடுத்த நல்லேப்பிள்ளி. தாய் சத்யபாமாவின் வீடு கொல்லங்கோட்டுக்கு அருகே வடவன்னூர். மருதூர் என்ற அந்தத் தாய்வீட்டுப் பெயர்தான் எம்.ஜி.ஆரின் முதல் எழுத்து. ரொம்ப காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த வடவன்னூர் வீடு 2019-ல் புதுப்பிக்கப்பட்டு நினைவில்லமானது. தமிழ்நாட்டு மேடைகளில் அவரை 'மலையாளி' என்று ஏசியவர்கள் உண்டு. தையல்காரருக்கு இதில் ஒரு ரகசிய சொந்தம். "இங்கே என்னைப் பாண்டிக்காரன்னு சொல்லுவாங்க. பொள்ளாச்சி தாண்டினா மலையாளத்தான்னு சொல்லுவாங்க. வாத்தியாருக்கே அந்தக் கதின்னா நமக்கென்னங்க" என்பார்.

தையல்காரர் என்பதால் தொப்பி அவர் கைவேலையேதான். கோவையில் வாங்கிய செயற்கை உரோமத் துணி மேலே, உள்ளே லைனிங், இரண்டுக்கும் நடுவில் பக்ரம் துணியும் மெல்லிய அட்டையும். வெளியே தெரிவது உரோமம், நிற்க வைப்பது அட்டை. தொப்பி என்றாலே இதுதான் விஷயம். துணிக்கு நிற்கத் தெரியாது. போலீஸ் அதிகாரியின் வட்டத் தொப்பிக்குள் ஒரு வளையம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன புதுச்சேரிப் போலீசின் சிவப்புக் கெப்பி விறைப்பாக நிற்பதும் உள்ளே இருக்கும் கெட்டியால்தான். ஐரோப்பியத் தொப்பிக்காரர்கள் மரத்தில் தலை செதுக்கி, ஆவியில் இளக்கிய கம்பளியை அதன்மேல் இழுத்து, காயும்வரை அப்படியே விட்டுவைப்பார்கள். ஈரமாக இருக்கும்போது உள்ளே எது இருக்கிறதோ, காய்ந்தபின் தொப்பி அதன் வடிவம்.

கொழிஞ்சாம்பாறையில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கிழக்கு மூலை அது. கேரளத்தின் மற்றப் பகுதிகளை நனைக்கும் மழையில் மிச்சம் மீதிதான் அங்கே வரும். நிகழ்ச்சி முடிந்ததும் தொப்பிக்குள் பழைய பேப்பரைத் திணித்து அலமாரி மேல் வைத்துவிடுவார். ஒரு நாள் 'மாத்ருபூமி', ஒரு நாள் 'தினத்தந்தி', கைக்குக் கிடைத்தது. பேப்பர் அமுங்கிவிடுகிறது, அச்சு மை லைனிங்கில் ஒட்டுகிறது என்றபோது செம்பைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். செம்பு வட்டம், மனிதத் தலை வட்டமில்லை, முன்பின் நீண்டது. ஒரே வாரத்தில் தொப்பி பானை மூடி போல ஆனது.

மூணாறு வேறு உலகம். அங்கே மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, மஞ்சு இறங்கினாலே போதும். 2009-ல் ஒரு எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. தூறலில் மேடைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், அதுவும் ஒழுகியது. மூன்றாவது பாட்டுக்குள் அட்டை ஊறிவிட்டது. கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டும் இடத்தில் தொப்பி ஒருபக்கமாகச் சரிந்து நனைந்த கோழி மாதிரி காது மேல் தொங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

இருபத்தோரு வருடமாக அவருக்கு ஒரு விரதம்: வேஷம் போட்டபின் அடுத்தவர் கண்ணெதிரில் தொப்பியைக் கழற்றுவதில்லை. டீ குடிக்கும்போதும் இல்லை. பந்திக்கு உட்காரும்போதும் இல்லை. அன்று கழற்றினார். பாட்டு டேப்பில் ஓடிக்கொண்டேயிருந்தது. குழல் விளக்கில் வழுக்கைத் தலை பளபளத்தது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார். மேடையில் எம்.ஜி.ஆர். நின்ற இடத்தில் ஒரு தையல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது ஒரு கிழவி மேடை ஓரத்துக்கு வந்தாள். காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள்; மகன் வேலையில் இருப்பதால் லயத்தில் தங்கியிருப்பவள். "இங்கே குடுய்யா அதை" என்று தொப்பியைக் கேட்டு வாங்கினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, விறகு சுமக்கப் போகிறவள் போலச் சுற்றிச் சுற்றி ஒரு சும்மாடு கோலினாள். அதைத் தொப்பிக்குள் வைத்து நாலு பக்கமும் விரலால் நெருக்கிக் கொடுத்தாள். தொப்பி நிமிர்ந்தது. "போட்டுக்க வாத்தியாரே. வெறுந்தலையோட நிக்காதே" என்றாள்.

சும்மாட்டோடு போட்டுக்கொண்டால் தொப்பி வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் உயரம். யாரும் சிரிக்கவில்லை. மீதிப் பாட்டுகளையும் ஆடி முடித்தார். இரவு லயத்து அடுப்படியில் அதே சும்மாடு உள்ளே இருக்கத் தொப்பி காய்ந்தது. காலையில் பார்த்தால், அவர் தைத்தபோதுகூட இல்லாத எடுப்பு.

கிழவியின் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர், நேரே போய் நின்றது ஆசாரி வீட்டு வாசலில். மாட்டு வண்டிச் சக்கரமும் ஏரும் செய்த தலைமுறை ஆசாரி. டிராக்டர் வந்தபின் கதவு, ஜன்னல். தொப்பிக்குத் தலை வேண்டும் என்றதும் அவர் சிரிக்கவில்லை, எந்த மரம் என்று யோசித்தார். தேக்கு கனம். மாமரம் ஈரத்தில் பூச்சி பிடிக்கும். கடைசியில் குமிழ். எடை குறைவு, காய்ந்தபின் முறுக்காது. அளவுக்கு நூல் போட்டுத் தையல்காரரின் தலையையே அளந்தார். "வாத்தியார் தலை அளவு தெரியாதுங்களே" என்று தையல்காரர் தயங்கியதற்கு, "போட்டுக்கப் போறது நீதானேப்பா" என்றார் ஆசாரி.

செதுக்கி முடித்த தலையை நட்டநடுவில் நெடுக்காக அறுத்து இரண்டு பாதியாக்கினார். நடுவில் ஒரு காடி. அதில் இறங்க ஆப்பு. ஆப்பைத் தட்டினால் இரண்டு பாதியும் விலகித் தொப்பியின் உள்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். உருவினால் தளர்ந்து கழன்று வரும். செருப்புத் தைப்பவர்கள் உள்ளே வைக்கும் கட்டையும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். மேல்நாட்டில் தொப்பியை விரிக்க மரத்தில் இப்படி ஒரு கருவி விற்கிறார்கள். அங்கே ஆப்புக்குப் பதில் திருகு. ஆசாரி அதைப் பார்த்தவரில்லை. மூன்று ஆப்பு செய்து கொடுத்தார்: வெயில் காலத்துக்கு மெல்லியது, மழைக்கு நடுத்தரம், மூணாற்றுக்குத் தடிமன். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதில் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்ததாகக் கணக்கு.

கட்டை வந்தபின் தொப்பி ஆயுள் கூடியது. முன்பு வருடத்துக்கு இரண்டு தைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒன்று நான்கு வருடம் ஓடுகிறது. குழந்தைக்கு வாரும் மெல்லிய சீப்பால் உரோமத்தைச் சீவி, கட்டையில் ஏற்றி, ஆப்புத் தட்டி வைப்பது மனைவியின் வேலை. "அவருக்கு எண்ணெய் தேய்ச்சு விடக் கூப்பிட்டா வரமாட்டாரு. இந்தத் தலையாவது சொன்னபடி கேக்குது" என்பார் அந்த அம்மா.

சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யம். மூணாறு இருக்கும் தேவிகுளம் திருவிதாங்கூர். 1949-ல் இரண்டும் ஒன்றாகி, 1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்குள் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அன்று போராடியவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது மலையாளப் பள்ளியிலும் படிக்கிறார்கள். எஸ்டேட் மேடைக்கு முன் கூட்டம் குறைந்துவிட்டது. உட்காருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மகன் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறான். "போதும்ப்பா, கவுரவமா நிறுத்திக்குங்க" என்று இரண்டு வருடமாகச் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைப்பது பஸ் செலவும் சாப்பாடும் போக ஒரு நாள் தையல் கூலிக்கு மேல் தேறாது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தார். எழுந்தபோது கன்னம் ஒட்டிவிட்டது. ஒத்திகைக்காகத் தொப்பியைப் போட்டால் புருவம் வரை இறங்கியது. தொப்பி கட்டையில் இருந்தது, கட்டை இளைக்கவில்லை. ஆசாரி இப்போது இல்லை. கண்ணாடி முன் நின்று தொப்பியை மேலே தள்ளிவிட்டார், இறங்கியது. மறுபடி தள்ளினார்.

மனைவி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துண்டை உருவி, வளைத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மூணாத்துக்காரங்க எந்தத் தேதி சொன்னாங்க?"

"ஜனவரி பதினேழுதான். வேற எப்போ?"

"அப்ப தடி ஆப்பை எடுத்து வைக்கணும்" என்றார் அவர், சும்மாட்டைத் தொப்பிக்குள் நெருக்கிக்கொண்டே.