நிலவில் ஒலிக்காத பாங்கு



மாலை நேர மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கி 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவற்றில் முதல் 10 ஆண்டுகள், பாங்கின் சிறப்பு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு கதையைத் தவறாமல் சொல்லி வந்தேன். உங்களில் பலரும் அதைக் கேட்டிருப்பீர்கள். நிலவில் முதன்முதலாகக் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே விளங்காத ஓர் ஓசையைக் கேட்டாராம். பின்னர் கெய்ரோ நகரில் பள்ளிவாசலிலிருந்து எழுந்த பாங்கைக் கேட்டுத் திகைத்து, "இதைத்தான் நிலவில் கேட்டேன்" என்று கூறி இஸ்லாத்தை ஏற்றாராம். இளம் வயதில் ஒரு மீலாது மேடையில் இதைக் கேட்டபோது என் கண்கள் கலங்கின. அந்தக் கலக்கத்தையே நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன் போலும்.

ஒரு நாள், என்னிடம் ஓதி முடித்து மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றிருந்த மாணவன் ஒருவன் மஃரிபுக்குப் பின் என்னைத் தேடி வந்தான். ஸலாம் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தான்.

"ஹஜ்ரத், நீங்க சொன்ன நிலா கதையை கிளாஸ்ல சொன்னேன். நிலாவுல காத்தே இல்லையே, சத்தம் எப்படிக் கேக்கும்னு சார் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நீங்க சொன்ன மத்ததெல்லாம்..." என்று தொடங்கி, முடிக்காமலே நிறுத்திவிட்டான்.

அவன் முடிக்காத அந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. அவனுக்கு அலிஃப், பா கற்றுக் கொடுத்தவன் நான். தொழுகையின் ஃபர்ளுகளையும், கப்ரின் கேள்விகளையும், மறுமையையும் சொல்லிக் கொடுத்ததும் இதே நாவுதான். அந்த நாவின் நம்பகத்தை ஒரு வேடிக்கைக் கதைக்காக நானே உடைத்திருக்கிறேன்.

மறுநாள் முதல், அந்த மனிதர் உண்மையில் யார் என்று தேடிப் படிக்கலானேன். எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் நிலவில் இறங்கிய சில மணி நேரங்கள் மட்டுமே. விண்வெளி வீரராகும் முன் அவர் அமெரிக்கக் கடற்படையின் விமானி என்பதைக்கூட நான் அறிந்திருக்கவில்லை.

1930 ஆகஸ்ட் 5-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அரசுத் தணிக்கையாளர். கார் ஓட்டும் உரிமத்துக்கு முன்பே, தம் 16-வது பிறந்தநாளில் விமானம் பயிலும் மாணவருக்கான சான்றைப் பெற்றவர். பயிற்சிக் கட்டணத்துக்காகக் கடைகளில் வேலை செய்தார். பர்டூ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கக் கடற்படையே செலவை ஏற்றது. பதிலுக்கு, படிப்பின் நடுவே அவர் கடற்படையில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. அவ்வாறே 1949 ஜனவரியில் ஃபுளோரிடாவின் பென்சகோலா தளத்துக்கு அழைக்கப்பட்டு, 1950 ஆகஸ்டில் முழுத் தகுதி பெற்ற கடற்படை விமானியானார்.

கடற்படை விமானியின் வேலை எத்தகையது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் இறங்க வேண்டிய ஓடுதளம் அலைகளின்மேல் ஏறி இறங்கி, முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கப்பலின் மேல்தளம். விமானத்தின் வால்பகுதியில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே கட்டியுள்ள எஃகுக் கம்பிகளில் ஒன்றை அது பற்றிக்கொண்டால்தான் விமானம் நிற்கும். அக்காலக் கப்பல்களில் கம்பியைத் தவறவிட்டால் தடுப்பு வலை. வலையையும் தாண்டினால் முன்னே நிறுத்தப்பட்டுள்ள விமானங்கள், எரிபொருள், மனிதர்கள். தளத்தின் ஓரத்தில் ஓர் அதிகாரி இரு கைகளிலும் துடுப்பு போன்ற பலகைகளை ஏந்தி, விமானம் உயர்ந்துள்ளதா, தாழ்ந்துள்ளதா என்று சைகை காட்டுவார். ஒவ்வொரு விமானியும் இறங்கிய முறையைக் குறித்து வைத்து, பிறகு முகத்துக்கு நேரே குறைகளைச் சொல்வதும் அவர் பொறுப்பே. தம் பிழையை மறைக்கிறவருக்கு அங்கே இடமில்லை, ஏனெனில் மறைத்த பிழை அடுத்த முறை பிறர் உயிரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். எங்கள் ஹிஃப்ளு வகுப்பில் சபக் கேட்கும் உஸ்தாதின் நினைவுதான் எனக்கு வந்தது.

எசெக்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில், பேந்தர் ஜெட் விமானங்களைக் கொண்ட 51-வது போர்விமானப் பிரிவில், கொரியப் போருக்குச் சென்றபோது அவருக்கு 21 வயது. 1951 செப்டம்பர் 3 அன்று வட கொரியாவின் வொன்சான் பகுதியில் மிகத் தாழ்வாகப் பறந்து குண்டுவீசுகையில், விமானங்களைச் சிக்கவைக்கப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டியிருந்த கம்பியொன்று அவரது வலது இறக்கையின் நுனியைப் பல அடி நீளத்துக்கு அறுத்துவிட்டது. விமானத்தைப் பெரும்பாடுபட்டுச் சமன்செய்து, நேச நாட்டுப் பகுதியை எட்டும்வரை கொண்டுவந்தார். அந்நிலையில் தரையிறக்க முயல்வது உயிருக்கே ஆபத்து என்பதால் இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் குதித்தார். கடலில் விழவேண்டும் என்பது அவர் எண்ணம். காற்றோ அவரை நிலத்துக்குத் தள்ளி ஒரு நெல்வயலில் இறக்கியது. அதே மாதம் 16-ஆம் நாள் அவரது கப்பலில், இறங்க வந்த வேறொரு விமானம் தடுப்பைத் தாண்டி, நிறுத்தியிருந்த விமானங்கள்மீது மோதித் தீப்பற்றியதில் 7 பேர் மாண்டனர்.

அவருடைய 78 போர்ப் பறத்தல்களையும் நான் புகழவில்லை. குண்டுகள் விழுந்த இடத்திலும் தாய்மார்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் அவர் வாழ்வை எழுதியவர்கள் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்வு என் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஒரு காலை, மலைமுகட்டைக் கடந்து சென்றபோது, கீழே வட கொரியப் படைவீரர்கள் ஆயுதமின்றி வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தனர். துப்பாக்கி விசைமேல் அவர் விரல் இருந்தது. சுடாமல் கடந்து சென்றுவிட்டார். இதை நெடுங்காலம் அவர் வெளியே சொல்லவும் இல்லை.

1952 ஆகஸ்டில் முழுநேரக் கடற்படைப் பணியை முடித்துக்கொண்டு படிப்புக்குத் திரும்பினார். சேமப் படை அதிகாரியாக மட்டும் 1960 வரை நீடித்தார். பிறகு சோதனை விமானி, பிறகு விண்வெளி வீரர். இடையே 1962-இல் இரண்டே வயதான மகளை மூளைக் கட்டி நோய்க்குப் பறிகொடுத்தார். 1966-இல் ஜெமினி 8 விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றபோது, நினைவு தப்பும் முன்பே அதை அடக்கினார். 1968-இல் நிலவில் இறங்கப் பயிலும் ஊர்தி பழுதாகிச் சரிந்தபோது, வெடித்துச் சிதறும் முன் குதித்துத் தப்பி, அன்றே அலுவலகம் திரும்பி மேசையில் அமர்ந்து வேலை பார்த்தாராம். 1969 ஜூலை 20-இல் எரிபொருள் தீரும் தறுவாயில் பாறைகளைத் தாண்டிக் கலத்தை இறக்கிய கை, கப்பலின் தளத்தில் பழகிய அதே கைதான். அப்புகழுக்குப் பின் அவர் ஏற்ற பணிகளுள் ஒன்று ஆசிரியப் பணி: 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

அவர் இஸ்லாத்தைத் தழுவினாரா? இல்லை. எகிப்து, இந்தோனேசியா, மலேசியா என்று வதந்தி பரவி, முஸ்லிம் அமைப்புகளிடமிருந்து அழைப்புகள் குவிந்ததால், 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு மறுப்பை அனுப்ப நேர்ந்தது. எவரையும் புண்படுத்தவோ எந்த மதத்தையும் அவமதிக்கவோ அவர் விரும்பவில்லை. ஆயினும் இஸ்லாத்தை ஏற்கவில்லை என்பதே அதன் சாரம். 2005-இல் மலேசியாவுக்குச் சென்றபோதும் அவர் மறுத்தார். எத்தனை கண்ணியமான மறுப்பு! நம்மீது சினந்துகொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் ஒஹையோவில் லெபனான் என்ற ஊரருகே குடியிருந்ததை அரபு நாடான லெபனானோடு குழப்பிக்கொண்டதும் வதந்திக்கு ஒரு காரணம் என்பர்.

ஹதீஸ் கலை பயின்றவர்கள் நூஹ் இப்னு அபீ மர்யம் என்ற பெயரை அறிவார்கள். மக்கள் குர்ஆனை விட்டு வேறு கல்விகளில் மூழ்கியதைக் கண்டு, நல்ல நோக்கத்தில், ஸூராக்களின் சிறப்பைப் பற்றி ஹதீஸ்களைத் தாமே புனைந்ததாக ஒப்புக்கொண்டவர் என்று அக்கலை நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. முஹத்திஸ்கள் அந்த நோக்கத்தைப் பாராட்டவில்லை. புனைந்தவர் என்றே எழுதி வைத்தார்கள். இதையும் நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஸூரா ஹுஜுராத்தின் 6-வது வசனத்தை, வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அந்த வசனத்தை, பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்திருக்கிறேன். அதே வாரத்தில் நிலவுக் கதையையும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே பலகையின் முன்தான் நடந்தன.

அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் வாப்பா எதிரிலேயே, "நான் விசாரிக்காமல் சொன்னது, அது பொய். குர்ஆனும் ஹதீஸும் அப்படி வந்தவை அல்ல, ஒவ்வொன்றும் யார் வழியாக வந்தது என்று உனக்குக் காட்டுகிறேன், வா" என்றேன். வாப்பாவுக்குத்தான் அதிர்ச்சி. "ஹஜ்ரத், பிள்ளைகிட்டப் போய் இப்படியா" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்தான்.

2012 ஆகஸ்ட் 25-இல், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால், 82 வயதில் ஆம்ஸ்ட்ராங் இறந்தார். செப்டம்பர் 14 அன்று அவரது அஸ்தியைக் கடற்படையினர் தங்கள் போர்க்கப்பலிலிருந்து அட்லாண்டிக் கடலில் சேர்த்தனர்.

பாங்கின் பாடத்தில் இப்போது பிலால் (ரலி) அவர்களின் வரலாறு மட்டுமே இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கைச் செய்தியை விசாரிக்கும் பாடத்துக்கு மாற்றிவிட்டேன். இறக்கை அறுபட்ட விமானத்தையும், சுடாமல் கடந்த அந்தக் காலையையும் சொல்லும்போது பிள்ளைகள் அசையாமல் கேட்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சிறுமி கையை உயர்த்தி, "ஹஜ்ரத், அப்புறம் அவரு முஸ்லிம் ஆயிட்டாரா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.