இரவல் வெளிச்சம்

கம்ப்யூட்டர் உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி தயாரான மென்பொருளை இறக்கிக்கொண்டு, பொத்தானை அழுத்தித் தன் காரியத்தைப் பார்க்கிறது. இன்னொரு கட்சி, எழுதியவர்கள் எழுதிய மூல வரிகளையே வாங்கி, தன் வீட்டு இயந்திரத்துக்குத் தக்கபடி தானே பக்குவம் பண்ணிக்கொள்கிறது. மனிதர் படிக்கும் எழுத்தை இயந்திரம் படிக்கும் எண்களாக மாற்றும் இந்த வேலைக்குக் 'கம்பைல்' செய்வது என்று பெயர். கதை எழுதிப் பிழைக்கிற நான் இரண்டாவது கட்சியில் சேர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சேர்ந்தேன். காரணம் என் தமக்கையின் மகன்.

அத்திம்பேர் காலமானதிலிருந்து அவன் மாடி அறையைவிட்டு இறங்குவது அபூர்வமாகிவிட்டது. காலேஜிலிருந்து வருவான்; கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே பெரிய கம்ப்யூட்டரில் மோட்டார்ப் பந்தயம் நடக்கும். அக்கா சாப்பாட்டுத் தட்டை மேலே கொண்டுபோய் வைப்பாள்; பிறகு காலித் தட்டை எடுத்து வருவாள். "விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லையடா. என் கண்ணெதிரே விளையாடக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு இறக்கினால் கூடத்தில் மனிதர்களுக்கு இடம் இராது.

இதற்கு ஒரு யுக்தி உண்டு என்று கேள்விப்பட்டேன். பெரிய இயந்திரம் மாடியிலேயே இருக்கலாம். அது ஆட்டத்தை நடத்தி, படத்தைச் சுருக்கிக் கம்பி வழியே கீழே அனுப்பும். கீழே டெலிவிஷனோடு ஒரு சின்னப் பலகை இருந்தால் போதும். அது படத்தை விரித்துக் காட்டும், கையில் அழுத்தும் பொத்தான்களை மேலே சொல்லி அனுப்பும். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லி வினாடிகூடக் கிடையாது. ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும்.

அந்தச் சின்னப் பலகைதான் ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் குறைந்த செலவில் நிரல் எழுதப் பழக வேண்டும் என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் உண்டாக்கி, 2012-ல் விற்பனைக்கு விட்டது. 85 மில்லிமீட்டர் நீளம், 56 அகலம். சட்டைப் பையில் அடங்கும். என்னிடம் இருந்தது 2016-ல் வந்த மூன்றாவது மாதிரி. அதில் ஓடுகிற லினக்ஸும் பழையது. அதற்குப் பொருந்துகிற தயார்ச் சரக்கு அகப்படவில்லை. ஆகவே 'மூன்லைட்' என்ற மென்பொருளின் மூல வரிகளை இறக்கினோம். அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலை மாணவர்கள் ஒரு போட்டிக்காக ஆரம்பித்தது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

வரிகள் வந்து சேர நேரமாகவில்லை. அவற்றுக்கு வேண்டிய துணைச் சரக்குகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. 'சீமேக்' என்று ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். கம்பைல் ஆரம்பிக்குமுன் எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்ப்பது அவர் உத்தியோகம். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நின்றுவிடுவார். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த குறையைச் சொல்லுவார். நான் திரையில் வந்ததை உரக்கப் படிப்பேன். பையன் பதில் சொல்லுவான்.

"ஓபஸ் இல்லை என்கிறதே!"

"அது சத்தத்துக்கு, மாமா."

"ஈவ்டெவ்?"

"எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று பார்க்கிறதற்கு."

"அவாஹியாம், பெயரே வாயில் நுழையவில்லை."

"மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கிறதற்கு, மாமா."

அத்தனையும் சேர்ந்தபின் 'மேக்' என்று கட்டளை கொடுத்தோம். வரி வரியாகத் திரை நகர்ந்தது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நூற்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று ஓர் எண். நாற்பதைத் தாண்டியபோது பையன் திரையைப் பார்த்தபடியே, "அப்பா இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருப்பார்" என்றான். எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். நான் பதில் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. எண் நூறானது.

தயார்ச் சரக்கு கிடைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்து, அவன் மாடிக்குப் போயிருப்பான். கிடைக்காததனால் இரண்டு சாயங்காலம் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டிய நூலகம் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குத் தெரிவிக்க இன்னொரு கட்டளை. பிறகு பலகை நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டிற்று. அதை மாடிக் கம்ப்யூட்டரில் கொடுத்ததும் இரண்டுக்கும் சிநேகம் ஏற்பட்டது. கூடத்து டெலிவிஷனில் பந்தயக் கார் உறுமிற்று. அக்கா ஈரக் கையோடு வந்து நின்று, "ஏண்டா, இவ்வளவு வேகமாகவா போவார்கள்?" என்றாள். அதற்குப் பிறகு தட்டு மாடி ஏறுவது குறைந்திருக்கிறது; நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இதில் என் மனசைத் தொட்ட இன்னொரு விஷயமும் உண்டு. மூன்லைட் முதலில் என்விடியா கம்பெனியின் 'கேம்ஸ்ட்ரீம்' என்ற ஏற்பாட்டை நம்பி எழுதப்பட்டது. அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்வதாகக் கம்பெனி 2022 டிசம்பரில் அறிவித்தது. சாதாரணமாக அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுமுறை எப்படி என்பது மூல வரிகளில் பகிரங்கமாக இருந்தது. அதைப் பேசத் தெரிந்த வேறொரு மென்பொருளை, பெரிய கம்ப்யூட்டரின் பக்கத்துக்காக, வேறு சிலர் எழுதியிருந்தார்கள். அதன் பெயர் 'சன்ஷைன்'. அதையும் இனாமாகவே கொடுக்கிறார்கள். எங்கள் மாடியில் ஓடுவது அதுதான்.

சூரியன் மேலே, சந்திரன் கீழே. பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள். சந்திரனுக்குச் சுயமாக வெளிச்சம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அதன்மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டாயிற்று. இப்போது இல்லை. அந்தச் சின்னப் பலகை தானாக ஒரு காரையும் ஓட்டாது. ஆனால், பெரிய இயந்திரம் போக முடியாத கூடத்துக்கு அதுதான் வெளிச்சத்தைக் கொண்டுபோகிறது.