யாத்திரையும் கைச்செலவும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுச் செலவுக்கு இதனை எடுத்துச் சொல்வோர் பலர். யாத்திரைச் செலவுக்கு எடுத்துச் சொல்வோர் சிலரே. புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் கடவுச்சீட்டு, வீசா, பயணப் பெட்டி, வழியில் உண்ணும் பலகாரம் ஆகிய அனைத்தும் பேசப்படும். கையிற் கொண்டுபோகும் காசு எவ்வளவு, அதனை எவ்வாறு பங்கிடுவது என்னும் பேச்சு மாத்திரம் பெரும்பாலும் விமான நிலையத்திலேதான் தொடங்கும். அப்பேச்சைச் சற்று முன்னதாகவே, வீட்டு விறாந்தையில் இருந்து தொடங்குவது நல்லது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொழும்பிலே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அக்கரையிலுள்ள தமிழகமே. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் நின்று வணங்குபவர், அக்கற்றூண்களைக் கண்டதும் சிதம்பரத்தை நினையாதிருத்தல் அரிது. வெள்ளவத்தையில் காலி வீதியால் நடந்து செல்பவர், புடைவைக் கடைகளின் கண்ணாடிக்குள்ளே காஞ்சிபுரத்தைக் காண்கின்றார். ஆகவே, பத்துப் பன்னிரண்டு நாட் தலயாத்திரைக்கு இருபது முப்பது பேராகக் கூடிப் புறப்படும் வழக்கம் இவ்விரு பகுதிகளிலும் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

அன்று கப்பல், இன்று விமானம்

முன்னாளில் இப்பயணம் புகைவண்டியும் கப்பலும் சேர்ந்த பயணமாக இருந்தது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டபின், கொழும்புக் கோட்டையிலே வண்டியேறித் தலைமன்னாரை அடைந்து, கப்பலிலே தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வண்டியேறிச் சென்னைவரை செல்லலாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1980களின் முற்பகுதியில், நாட்டின் நிலைமை சீர்கெட்டபோது நின்றுபோயிற்று. நெடுங்காலத்தின் பின்னர், 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. எனினும், கொழும்பிலிருந்து செல்வோருக்கு விமானமே எளிய வழி. ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னையில் இறங்கிவிடலாம்.

பயணம் குறுகியது, காசுக் கவலை குறுகவில்லை. 1953ஆம் ஆண்டின் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் பெற்றோருக்கு நன்கு தெரிந்த சட்டம். அக்காலத்தில், விரும்பிய அளவு வெளிநாட்டு நாணயத்தை வாங்கிக்கொண்டு புறப்படுதல் இயலாது. அனுமதிக்கப்பட்ட சிறு தொகைக்குள் அடங்கிச் செலவு செய்தல் வேண்டும். 1977க்குப் பின்னர்க் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2017இல் வேறொரு சட்டம் அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஆனால், சட்டம் தளர்ந்தாலும் ரூபாயின் பெறுமதி நம் கையில் இல்லை என்பதை 2022ஆம் ஆண்டு அனைவருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய். சில மாதங்களில் அது 360 ரூபாய் அளவுக்கு ஏறிற்று. யாத்திரைக்கென்று 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்த ஒருவரின் காசு, 300 டொலராக இருந்தது 167 டொலராகச் சுருங்கியது. அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. இருந்த இடத்திலேயே பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை கரைந்துவிட்டது.

கட்டணத்துள் அடங்குவதும் அடங்காததும்

கூட்டுப் பயணம் என்னும் ஏற்பாட்டை உலகறியச் செய்தவர் தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். 1841 ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃபரோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அவர் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். செலவு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எளிய குடும்பத்தவரும் வீட்டை விட்டுப் புறப்படத் துணிவர் என்பதே அவர் கண்ட உண்மை. இன்று நம் யாத்திரைக் குழுக்களும் அவ்வழியிலேயே செல்கின்றன. விமானச் சீட்டு, தங்குமிடம், பஸ் வண்டி, மூன்று வேளைச் சைவ உணவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தொகை சொல்லப்படுகின்றது.

ஆனால், அத்தொகைக்கு வெளியே நிற்பவை எவை என்று கேட்டு எழுதிக்கொள்வோர் குறைவு. வீசாக் கட்டணம், அர்ச்சனையும் சிறப்புத் தரிசனச் சீட்டும், இடைவேளைத் தேநீர், ஓட்டோக் கூலி, சாரதிக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, மருந்து, துணி வெளுக்கும் கூலி, விமானத்தில் மேலதிக நிறைக்குக் கட்டும் காசு ஆகியவை தனித்தனியே சிறியவை. கூட்டிப் பார்க்கும்போதுதான் அவற்றின் உருவம் தெரியும். கட்டணம் கட்டுமுன், இவற்றுள் எது அடங்கும், எது அடங்காது என்று பயண ஏற்பாட்டாளரிடம் எழுத்திலே கேட்டுப் பெறுவது மரியாதைக் குறைவன்று.

ஒரு சிறு கணக்கு

மாணவர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஓர் உதாரணம் தருகின்றேன். ஒருவர் கைச்செலவுக்கென 42,000 இலங்கை ரூபாய் ஒதுக்கியிருக்கின்றார் என்க. ஓர் இந்திய ரூபாய்க்கு நம் ரூபாய் மூன்றரை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அவர் கையில் 12,000 இந்திய ரூபாய் இருக்கும். பயணம் பத்து நாள்.

முதலாவதாக, 2,000 ரூபாயை நோய், தாமதம் முதலிய அவசரங்களுக்கென ஒரு தனி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். அதனை வீடு திரும்பும் வரை திறவாதிருந்தால் அதுவே பெரும் இலாபம். இரண்டாவதாக, 3,000 ரூபாய் உற்றாருக்கு வாங்கும் பொருள்களுக்கு. மூன்றாவதாக, 1,000 ரூபாய் குழுவின் பொதுப்பைக்கு. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். எஞ்சிய 6,000 ரூபாயைப் பத்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 600 ரூபாய். காணிக்கைக்கும் அர்ச்சனைக்கும் 150, தேநீர் பழம் முதலியவற்றுக்கு 150, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 200, எதிர்பாராத சில்லறைச் செலவுக்கு 100. ஒரு நாள் மிஞ்சியதை மறுநாளோடு சேர்க்கலாம். மறுநாளின் பங்கை இன்றே எடுத்தலாகாது.

இனி, நாணயமாற்று விலை மூன்றரையிலிருந்து நான்காக உயர்ந்தால் என்ன நிகழும்? அதே 42,000 ரூபாய்க்கு 10,500 இந்திய ரூபாயே கிடைக்கும். குறைந்த 1,500 ரூபாய் இரண்டரை நாட் செலவுக்குச் சமம். ஆதலின், புறப்படுவதற்கு முந்தின நாள்வரை காத்திராமல், சேர்ந்த காசை இரண்டு மூன்று தவணைகளில் மாற்றிக்கொள்வோர் விலையேற்றத்தின் முழு அடியிலிருந்து ஓரளவு தப்புவர். மாற்றும் இடம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதாக இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குதல் வேண்டும். எந்த நாணயத்தை எவ்வளவு கையிற் கொண்டுசெல்லலாம் என்பதற்கு இரு நாட்டிலும் விதிகள் உள. அவை மாறக்கூடியவையாதலால், புறப்படும் மாதத்தில் வங்கியிலேயே விசாரித்தல் நன்று.

பெரிய நோட்டுகளை மாத்திரம் கொண்டுசெல்வது தொல்லை தரும். தமிழகத்தில் பூக்காரியும் இளநீர்க்காரரும் இன்று கைத்தொலைபேசி மூலமே காசு பெறுகின்றனர். அவ்வசதி எல்லா வெளிநாட்டுப் பயணிக்கும் எளிதிற் கிட்டுவதில்லை. ஆகவே, பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் நம் கையில் இருப்பது அவசியம். திரும்பும்போது மிஞ்சிய இந்தியத் தாள்களை அடுத்த யாத்திரைக்கு உதவும் என்று அலுமாரியில் வைக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு இந்திய அரசு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவித்தபோது, இங்கே பல அலுமாரிகளில் இருந்தவை வெறுங் கடதாசியாயின. அப்போது புதிதாக வந்த 2,000 ரூபாய்த் தாளும் 2023 மே மாதத்திலே புழக்கத்திலிருந்து மீட்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியதை உடனே மாற்றிவிடுதலே அறிவுடைமை.

கோயிலும் கடைத்தெருவும்

வழிபாட்டுக்கு மிகுந்த பொருள் வேண்டும் என்னும் எண்ணம் தவறு. பெருங்கோயில்களில் பொதுத் தரிசனத்துக்குக் கட்டணமில்லை. வரிசையிலே நிற்கும் பொறுமை போதும். இந்துசமய அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களில் முடிகாணிக்கைக்கு வாங்கப்பட்ட கட்டணமும் 2021இல் நீக்கப்பட்டது. பல கோயில்களில் அன்னதானமும் நடைபெறுகின்றது. இறைவன் சந்நிதியில் நாம் செலவழிப்பது சிறிது. சந்நிதித் தெருவிலே செலவழிப்பதுதான் பெரிது.

கடைத்தெருவுக்கு ஒரே மருந்து, வீட்டிலிருந்தே எழுதிச் செல்லும் பட்டியல். வாங்க நினைக்கும் பொருளின் விலையைப் புறப்படுமுன் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில பொருள்கள் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே விலையாகவே இருப்பதைக் காண்பீர்கள். நாச்சியார்கோயிற் குத்துவிளக்கு அழகியதுதான். ஆனால், பித்தளையின் நிறைக்கு விமானத்தில் மேலதிகக் காசு கட்ட நேர்ந்தால், விளக்கின் விலை எதுவென்று கணக்கிடுதல் கடினம். மதுரைச் சுங்குடிச் சேலையும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அத்தகைய சுமை தாரா. மாணவர்களுக்கு நான் சொல்வது, பட்டியலில் ஒரு நல்ல நூலுக்கு இடம் வையுங்கள் என்பதே.

பொதுப்பையின் பெருமை

இனிச் சொல்லப்போவது கணக்கினும் முக்கியமானது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உடன்சென்ற ஒரு குழுவிலே, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்திருந்தனர். தாய் தையல் வேலை செய்து, அயலவரோடு சேர்ந்து சீட்டுக் கட்டிப் பயணக் காசைச் சேர்த்தவர். மகன் உயர்தர வகுப்பு மாணவன். முதல் மூன்று நாட்களில், ஒவ்வொரு கோயில் வாசலிலும் யாராவது ஒருவர் எழுந்து, “எல்லோரும் ஆளுக்கு நூறு ரூபாய் போடுவோம்” என்பார். சிறப்பு அர்ச்சனைக்கு நூறு, வழிகாட்டிக்கு நூறு, குழுப்படத்துக்கு நூறு. கொடுத்தவர்களுக்கு அது பெரிய தொகையன்று. நான்காம் நாள் காஞ்சிபுரத்தில் அனைவரும் இறங்கியபோது, அப்பையன் தலையிடி என்று சொல்லி வண்டிக்குள்ளேயே இருந்துவிட்டான். தாயும் அவனுக்குத் துணையாக இருந்தார். கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களை வரலாற்றுப் பாடத்திலே படித்த பிள்ளை, அக்கோயிலின் வாசல்வரை வந்தும் அதனைக் காணவில்லை. அங்கே கட்டணம் எதுவுமில்லை. மீண்டும் ஒருவர் எழுந்து கைநீட்டுவாரோ என்ற அச்சமே அவனைத் தடுத்தது.

அதன்பின் புறப்பட்ட குழுவில் நாங்கள் வேறோர் ஏற்பாடு செய்தோம். பயணத்துக்கு இரு கிழமைக்கு முன் அனைவரும் ஒரு மண்டபத்திலே கூடினோம். அக்குழுவில் இருந்தவர் 24 பேர். ஆளுக்கு 1,000 இந்திய ரூபாய், மொத்தம் 24,000 ரூபாய், ஒரு பொதுப்பையிலே சேர்க்கப்பட்டது. அதனைக் காக்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நியமிக்கப்பட்டனர். பொது அர்ச்சனை, வழிகாட்டி, சாரதிக்கு அன்பளிப்பு யாவும் அப்பையிலிருந்தே கொடுக்கப்பட்டன. இரவுதோறும் கணக்கு வாசிக்கப்பட்டது. வழியிலே ஒருவரும் மற்றவரிடம் கைநீட்டலாகாது என்பது கட்டளை. கடைசி நாளில் மிஞ்சியது சரிசமமாகப் பங்கிடப்பட்டது. கூடுதலாகச் செய்ய விரும்பியவர்கள் தனியே, பிறர் அறியாமற் செய்தனர். அப்பயணத்தில் எவருக்கும் தலையிடி வரவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்பும்போது காசை மாத்திரம் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு சிறு கொப்பியையும் கொடுத்தனுப்புங்கள். அன்றன்று செலவானதை அன்றிரவே எழுதும் பழக்கம் பத்து நாளிற் படிந்துவிடும். வாழ்நாள் முழுவதும் உதவும். மாணவ நண்பர்களே, உங்களோடு வருபவனின் பையில் எவ்வளவு இருக்கின்றது என்று கேட்காதீர்கள். அது குறைவாக இருந்தாலும் அவன் உங்களோடு சமமாக நடந்துவரக் கூடிய வகையில் உங்கள் செலவை அமைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய மறுநாள் கடனென்று எதுவும் இன்றி, காலையிலே வேலைக்கோ பாடசாலைக்கோ செல்ல முடியுமாயின், அந்த யாத்திரை நன்றாக நிறைவேறியது என்று கொள்ளலாம்.