பாட்டுக்கு முன்னால் ஓடும் கரண்ட்

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. வாசலில் மிக்ஸியும் டேபிள் ஃபேனும் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் சாதாரண ரிப்பேர் கடை என்றே தோன்றும். உள்ளே போனால் மர்பி, பிலிப்ஸ், புஷ் எனச் சுவர் முழுக்க மரப்பெட்டி ரேடியோக்கள். கீழே, கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஸ்பீக்கர்களை முழங்கவைத்த வால்வு ஆம்ப்ளிபையர்கள். எழுபதை நெருங்கும் பெரியவரும், ஐடிஐ முடித்துவிட்டு அவரிடம் தொழில் கற்கும் தம்பியும்தான் ஆட்கள். மிக்ஸி ரிப்பேரில் பட்டறை வாடகை வந்துவிடுகிறது. மனசு என்னவோ வால்வில்.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அங்கே மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1937இல். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று பேச ஆரம்பித்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் ரேடியோ கதையை இந்த மூன்று தேதிகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். பிறகு இலங்கை வானொலி வந்தது, டீக்கடைகள் நிரம்பின. அந்தக் காலத்துப் பெட்டிகள்தான் இப்போது இந்தப் பட்டறைக்கு வருகின்றன, பெரும்பாலும் பேரன்கள் கையில்.

நான் போனபோது பெரியவர் முன்னால் ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு ரேடியோ கவிழ்ந்து கிடந்தது. பாட்டு வருகிறது, ஆனால் கால் மணி நேரத்தில் குரல் கம்மிப்போகிறது, கருகின வாசனை வருகிறது என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அறை விளக்கை அணைக்கச் சொன்னார். பின்பக்கம் வால்வுகளின் ஃபிலமெண்ட் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. கடைசி வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6. அதன் கறுத்த பிளேட்டில் ஓர் ஓரமாகச் சிவப்பு படர ஆரம்பித்தது. உடனே சுவிட்சை அணைத்தார்.

“பிளேட் சிவக்குது பாருங்க. பயாஸ் போயிருச்சு.”

பயாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். நாமக்கல் பக்கத்து ஆளான எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: “லாரி நியூட்ரல்ல நிக்கறப்ப இன்ஜின் ஓடுதில்லீங்களா, அந்த ஓட்டந்தான். கம்மியா வச்சா மிதிச்சதும் திணறும். ஏத்தி வச்சா நின்ன இடத்துலயே சூடாயிரும்.”

வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் இருக்கும் கிரிட் என்கிற மெல்லிய கம்பிச்சுருள், கேத்தோடைவிடச் சில வோல்ட் கீழே இருந்தால் அந்தப் பாய்ச்சல் அளவோடு நிற்கும். 6வி6 வால்வுக்கு பிளேட்டில் 250 வோல்ட் கொடுத்தால் கிரிட் 12.5 வோல்ட் கீழே இருக்க வேண்டும். அப்போது பாட்டே இல்லாத நேரத்திலும் பிளேட் வழியாக 45 மில்லியாம்பியர் ஓடும். பிளேட் தாங்குவது 12 வாட் சூடு. வீட்டு ரேடியோவில் இதைத் திருகி மாற்ற ஸ்க்ரூ எதுவும் கிடையாது. கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 250 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று இருக்கும். வால்வில் ஓடும் கரண்ட்டே அதில் 12.5 வோல்ட்டை உண்டாக்கிக்கொள்ளும்.

மீட்டரை எட்டாம் நம்பர் பின்னில் வைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டார். 17.5 வோல்ட். 250 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 70 மில்லியாம்பியர். தம்பி ரெசிஸ்டன்ஸை மாற்றக் கை நீட்டினான். பெரியவர் தடுத்தார். செட்டை அணைத்து வால்வைக் கழற்றி, சாக்கெட்டில் கிரிட்டுக்கான ஐந்தாம் பின்னில் மீட்டரை வைத்துக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டினார். ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் பிளஸ் 9 வோல்ட் காட்டியது. முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் கடத்தி டிசியைத் தடுக்க வேண்டிய பேப்பர் கண்டன்சர் கசிந்துகொண்டிருந்தது. தடித்த பிரவுன் உருளை, இரு முனையிலும் மெழுகு உருகி வழிந்திருந்தது.

“வால்வு மேல தப்பில்லடா. புதுசு போட்டிருந்தா அதும் செத்திருக்கும்.”

இந்தத் தொழிலின் நேர்மை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வால்வு மாற்றினால் உடனே பாட்டு வரும், காசும் வரும். நோய் கண்டன்சரில் என்று கண்டுபிடிக்கக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும், கிடைப்பதோ சில்லறைக் காசு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அந்தத் தயாரிப்பு நின்று பல காலமாகிறது. ரஷ்யாவின் சரதோவிலும் ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் இன்னமும் வால்வு செய்கிறார்கள். ஆனால் அவை இந்தச் சந்துக்கு வந்து சேரும் விலையில் ரேடியோவையே வாங்கிவிடலாம். எனவே இருக்கிற வால்வைச் சாகவிடாமல் காப்பதுதான் இங்கே வேலை.

கண்டன்சர் மாற்றியதும் கேத்தோடு 12.4 வோல்ட்டுக்கு வந்தது. புத்தகக் கணக்குப்படி சரி. பெரியவர் அதோடு விடவில்லை. ராசிபுரத்துக்காரர் வீடு ஊருக்குள்ளா, காட்டிலா என்று கேட்டார். காட்டில்தான், பக்கத்திலேயே கிணறு, மோட்டார். பகலில் பம்புசெட் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், ராத்திரி எல்லாம் நின்றதும் 250 வரை ஏறும். ரேடியோ கேட்பதோ ராத்திரியில். பெட்டியின் பின்னால் 220இல் இருந்த வோல்டேஜ் டேப்பை 240க்கு மாற்றினார். 250 ஓமை எடுத்துவிட்டு 300 ஓம் வைத்தார். சத்தம் ஒரு நூல் குறையும், வால்வு பல வருஷம் கூடுதலாக உழைக்கும் என்றார். அச்சடித்த அட்டவணை எந்த ஊர் ராத்திரியையும் அறியாது. அதை அறிந்த ஆள் ஒருவர் இடையில் வேண்டியிருக்கிறது.

மாலையில் மைக் செட் ஆம்ப்ளிபையர் ஒன்றைத் திறந்தார்கள். மல்லசமுத்திரம் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர் அப்பா காலத்து ஆம்ப்ளிபையரை ஆடித் திருவிழாவுக்கு ஓட்ட ஆசைப்படுகிறார். அவுட்புட்டில் இரண்டு இஎல்34. இதில் கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் தனியாக வருகிறது, வால்வுக்கு ஒன்றாக இரண்டு திருகும் உண்டு. பிளேட்டுக்குப் போகும் ஹெச்டி 420 வோல்ட். தம்பி முதலில் ஸ்பீக்கர் லைனில் லோடு மாட்டினான். லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் உள்ளுக்குள் தீப்பொறி விட்டுச் சாகும். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் தொட்டான். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். அணைத்த பிறகும் கண்டன்சரில் நானூறு வோல்ட் தங்கியிருக்கும்.

ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தார்கள். அதில் 350 மில்லிவோல்ட் என்றால் 35 மில்லியாம்பியர். இஎல்34இன் பிளேட் 25 வாட் தாங்கும்; அதில் எழுபது சதவீதம் வரை போகலாம் என்ற வழக்கப்படி 41 வரை வைக்கலாம். பெரியவர் 35இல் நிறுத்தினார். “அம்மன் கோயில்ல காலைல போட்டா ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடுமுங்க. ஊடால ஜெனரேட்டர் வேற.”

ஒரு வால்வு 35க்கு வந்தபோது மற்றது 39 காட்டியது. ஒன்றைத் திருகினால் மற்றது அசைந்தது. சூடேற விட்டுப் பார்த்தார்கள், மறுபடி திருகினார்கள், மறுபடி காத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றாக வந்ததும் குழாயில் கேட்டுக்கொண்டிருந்த ஹம் அடங்கிப்போனது. பிறகு தம்பி யாரும் கேட்காத ஒரு வேலை செய்தான். பழைய திருகு தேய்ந்து தொடர்பு விட்டுப்போனால் கிரிட்டுக்கு மைனஸ் வராமல் வால்வு எரிந்துவிடும். அப்படி ஆனாலும் மைனஸ் முழுதாகப் போய்ச் சேரும்படி திருகின் நடுக்காலிலிருந்து மைனஸ் வரும் முனைக்கு ஒரு ரெசிஸ்டன்ஸைப் பற்றவைத்தான். பெரியவர் குனிந்து சால்டரைப் பார்த்தார், தலையாட்டினார்.

அன்றைக்கு அவர்கள் எழுதிய பில்லில் கண்டன்சர், ரெசிஸ்டன்ஸ் விலை எழுதியிருந்தது, கழற்றி மாட்டிய கூலி எழுதியிருந்தது. சூடேறக் காத்திருந்த நேரத்துக்கு எதுவும் எழுதவில்லை. பயாஸ் வைப்பதில் பெரும்பகுதி அந்த நேரம்தான். தாத்தாவின் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதற்கும் சேர்த்துக் கேட்டுக் கொடுக்க வேண்டும். அது கிடைத்தால் மிக்ஸியை நம்பாமலே அந்தத் தம்பி இந்த வேலையில் நிற்பான்.