பாதை யாருக்குச் சொந்தம்?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதியில் இருக்கும் கோட்டூர் மலைக்கு, 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயின. அப்போது வண்டி போகிற சாலை இருக்கவில்லை, காட்டுக்குள் மலைப்பாதைதான். இயந்திரத்துக்குக் கழுதை கிடைத்தது. இப்படிப்பட்ட மலையில் நோயாளிக்கு? தூளி கட்டித் தோளில் தூக்க வேண்டும்.

இந்தமாதிரிப் பாதையை யார் சரிசெய்வது? கிராமச் சாலைகளைப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஆனால் பாதை காப்புக்காட்டுக்குள் போனால், அனுமதி இல்லாமல் ஊராட்சி அங்கே மண்வெட்டி வைக்க முடியாது. நடப்பது ஊர்க்காரர்கள், நிலம் வனத்துறையுடையது.

வழி இல்லாமல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி, கிராம சபை பரிந்துரைத்தால் சாலைக்காக 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மீட்டர் அகலச் சாலை என்றால் சுமார் 3.3 கிலோமீட்டருக்குத்தான் அது போதும்.

உங்கள் ஊர்ப் பாதைக்கும் முதல் வேலை ஒன்றுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.