லோகோஜா: மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு ஊர்

நைஜீரியாவின் மேப்பைப் பார்த்தால் நடுவில் பெரிதாக ஒரு 'ஒய்' எழுத்து தெரியும். வடமேற்கிலிருந்து நைஜர் ஆறு, கிழக்கிலிருந்து பெனுவே ஆறு. இரண்டும் கூடும் இடத்தில், மேற்குக் கரையில் இருக்கிறது லோகோஜா. இரண்டு தண்ணீருக்கும் நிறம் வேறு. கலந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகவே ஓடுகின்றன!

ஊருக்குப் பின்னால் பட்டி மலை (நம்மூர் பட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). முன்னால் ஆறு. இடையில் கிடைத்த ஒடுக்கமான நிலத்தில்தான் பழைய ஊர் முழுக்க. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கம் யொரூபா பேசும் ஒவோரோ மக்கள். ஆற்றோரம் நூப்பே மீனவர்கள். 1860 வாக்கில் வில்லியம் பெய்க்கி என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் இங்கே ஒரு வியாபாரக் குடியிருப்பை அமைத்ததும் ஹௌசா வியாபாரிகள், விடுதலையான அடிமைகள் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் இகாலா, பாஸா மக்கள், தென்மேற்கே எபிரா மக்கள். 'மண்ணின் மைந்தன் யார்' என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஒரே பதில் கிடைக்காது.

பிறகு வந்தது ராயல் நைஜர் கம்பெனி. 1886இல் சாசனம் வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி பாணியில் வரி, போலீஸ், கோர்ட் எல்லாம் நடத்தியது. 1899 கடைசியில் சாசனத்தைத் திரும்பப் பெற்ற பிரிட்டிஷ் அரசு கம்பெனிக்குக் கொடுத்த இழப்பீடு 8,65,000 பவுண்டு. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களோ இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. 1900 ஜனவரி 1 அன்று லோகோஜாவில் கொடி ஏற்றி லுகார்ட் பொறுப்பேற்றார். வடக்கு நைஜீரியாவின் தலைநகரம் இங்கே நெடுநாள் நிற்கவில்லை. ஜெப்பா, சுங்கேரு, கடூனா என்று போய்விட்டது. அப்புறம் பதவி பறிக்கப்பட்ட மன்னர்களைக் கொண்டுவந்து வைக்கும் இடமானது லோகோஜா. கானோவின் எமிர் அலியு 1926இல் இங்கேதான் இறந்தார்.

பட்டி மலை உச்சியில் நின்றுதான் ஃப்ளோரா ஷா 'நைஜீரியா' என்று பெயர் வைத்தார் என்றொரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் அவர் அதை எழுதியது 1897இல், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில். லுகார்டை மணந்ததே 1902இல்தான்.

1991இல் கோகி மாநிலம் பிறந்தபோது லோகோஜா மறுபடியும் தலைநகரம். அலுவலகங்கள் வந்தன, ஜனம் வந்தது. இடம்? பின்னால் மலை, முன்னால் ஆறு. வசதி இல்லாதவர்கள் தண்ணீரை ஒட்டியே கட்டினார்கள். 2012இல் மழையோடு கேமரூனின் லாக்டோ அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. 2022இல் மறுபடியும் வெள்ளம். அடன்கோலோவில் வீடுகள் மூழ்கின, கனாஜா சாலையில் படகு ஓடியது. நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகள் சிக்கிக்கொண்டதால் அபுஜாவில் பெட்ரோலுக்குக் க்யூ!

'கரையை விட்டு மேலே போங்கள்' என்கிறது அரசு. வலையும் படகும் வைத்துப் பிழைப்பவர் மேட்டில் வீடு கட்டி என்ன செய்வார்? தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்.