அம்புக்கு எந்த இறகு?

வில்வித்தை என்றதும் எல்லோரும் வில்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அம்பின் வாலில் இருக்கும் இறகைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேத்தியின் புண்ணியத்தில் இரண்டு வருடமாக எனக்கு அதை ஒட்டுவதுதான் வேலை.

முதலில் 18 மீட்டரில் பழகினாள். அதற்கு வான்கோழி இறகு, மூன்று நான்கு அங்குலம். ஏன் அவ்வளவு பெரிசு என்றால், நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. மீன் வால் மாதிரி நெளிந்துகொண்டுதான் கிளம்பும். 18 மீட்டரைக் கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் நெளிவு அடங்க, காற்றை நன்றாகப் பிடிக்கிற இறகு வேண்டும். விரல் கொஞ்சம் பிசகினாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஒரு அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடது இறகும் வலது இறகும் எதிரெதிராக வளைபவை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பேன். (பாட்டிக்கு அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்த பழக்கம் கைகொடுத்தது.)

இப்போது அவள் 70 மீட்டருக்கு வந்துவிட்டாள். ஒலிம்பிக்கில் எய்கிற தூரம். இலக்கின் அகலம் 122 செ.மீ., பத்து மதிப்பெண் வட்டமோ 12.2 செ.மீ.தான். இங்கே காற்றைப் பிடிக்கிற குணமே எதிரி. பெரிய இறகு வேகத்தைத் தின்றுவிடும், அம்பு தாழும், பக்கக் காற்று இழுத்துக்கொண்டு போகும். அதனால் மெல்லிய கார்பன் அம்பு, சுருண்ட சின்னப் பிளாஸ்டிக் இறகு. மழையில் துவளாது என்பது கூடுதல் லாபம்; ஐப்பசியில் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் சின்ன இறகு தவறைப் பொறுக்காது. பேத்திக்கோ பத்துக்கு இரண்டு தடவை விரல் பிசகுகிறது. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி. "தாத்தா, பழைய இறகே இருக்கட்டுமே" என்றாள். பயம்தான்.

ஆறு அம்புக்கு அது, ஆறுக்கு இது என்று ஒட்டிக் கொடுத்தேன். சாயங்காலக் காற்றில் எய்தாள். வான்கோழி இறகு வைத்தவை எல்லாம் தாழ்ந்து, காற்றடித்த பக்கம் சிதறின. பிளாஸ்டிக்கில் நாலு நெருக்கமாக நின்றன, இரண்டு எங்கோ போயின. அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ரெண்டும் என் விரல், தாத்தா. காத்து இல்ல" என்றாள்.

மறுநாள் மீதி ஆறுக்கும் பிளாஸ்டிக் ஒட்டச் சொல்லிவிட்டாள். இதற்குப் பசை வேண்டாம், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போதும். என் நடுங்கும் கைக்கு அதுவே சௌகரியம்.